காப்பியின் விலையும் நாற்காலியின் விலையும்

தலைநகராகிய டில்லியில், கன்னாட் பிளேஸ் என்னும் வட்டமான கடைவீதிக்கு அருகே மோகன்சிங் பிளேஸ் என்றொரு கட்டடம் இருக்கிறது. அதன் மேல்தளத்தில் ஒரு காப்பி இல்லம் உண்டு. திறந்த மொட்டைமாடியில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். அவ்வப்போது குரங்குகளும் வந்து போகும். அங்கிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் கண்ணாடிக் கதவும், குளிர்ந்த காற்றும், மெல்லிய இசையும் உடைய புதுவகைக் காப்பிக் கடைகள் பலவற்றைக் காணலாம். இரண்டிடங்களிலும் கிடைப்பது காப்பிதான். ஆயினும் மாடியில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தைப் போலப் பல மடங்கு பணத்தைக் கீழே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வேறுபாடு பற்றி நம் அலுவலக நண்பர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று நடந்து வருகிறது. ‘இது பகற்கொள்ளை’ என்பது ஒரு கட்சி. ‘காப்பிக் கொட்டையின் விலை ஏறிவிட்டது, கடைக்காரர் என் செய்வார்?’ என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியினர் கூற்றிலும் ஓரளவு உண்மை இல்லாமற் போகவில்லை. எனினும் இரண்டும் வழக்கின் நடுப்புள்ளியைத் தொடவில்லை என்பதே நம் கருத்து. காப்பிக் கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் காப்பிக்காகப் போவது சிறு பகுதி; பெரும்பகுதி நாம் அமர்ந்திருக்கும் நாற்காலிக்காகப் போகிறது. இதைச் சற்று விளக்கி, நம் நாட்டில் அந்த நாற்காலியின் விலையை எந்தெந்தக் காலத்தில் யார் யார் கொடுத்து வந்தனர் என்ற வரலாற்றைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கோப்பைக்குள் இருப்பதைக் கணக்கிடுவோம். ஒரு கோப்பைக் காப்பிக்கு ஏறத்தாழ 10 கிராம் தூள் போதும். அதாவது ஒரு கிலோ தூளில் 100 கோப்பை தயாராகும். தூள் கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோப்பைக்குத் தூளின் விலை 8 ரூபாய். லிட்டர் 60 ரூபாய் விலையுள்ள பாலில் 100 மில்லிலிட்டர் ஊற்றினால் அதற்கு 6 ரூபாய். சர்க்கரைக்கும் அடுப்புக்கும் ஓரிரு ரூபாய் சேர்த்தாலும் மொத்தம் 16 ரூபாயைத் தாண்டாது. அக்கோப்பை 200 ரூபாய்க்கு விற்கப்படுமாயின், எஞ்சிய 184 ரூபாய் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

கொட்டையின் விலை ஏறியதுதான் காரணம் என்போர்க்கு இக்கணக்கே விடை கூறும். தூளின் விலை இரட்டிப்பானாலும் ஒரு கோப்பைக்குக் கூடுவது 8 ரூபாய்தான். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பி, ராத்தலுக்கு 4 டாலரையும் கடந்து அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. அந்த ஏற்றம், வீட்டிற்குத் தூள் வாங்கும் குடும்பத்தலைவியின் மடியைச் சுட்டதுபோலக் கண்ணாடிக் கடையின் கணக்கைச் சுட்டிருக்க முடியாது. எதிர்ப்புறத்தும் இவ்வாறே. உற்பத்தி நாடுகளும் நுகர்வு நாடுகளும் சேர்ந்து 1962-ஆம் ஆண்டில் செய்துகொண்ட சர்வதேசக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை, 1989 ஜூலை மாதத்தில் முறிந்தது. சில மாதங்களிலேயே கொட்டையின் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. உலகில் எந்த நகரத்துக் காப்பிக் கடையிலும் கோப்பையின் விலை அதற்கேற்பப் பாதியாகிவிடவில்லை.

இங்கே தோட்டத்தை மறந்துவிடலாகாது. பாபா புதான் என்ற பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு வித்துக்களைக் கொணர்ந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்கமகளூரு மலைகளில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் கதை. இன்று இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது; கேரளமும் தமிழ்நாடும் அதற்கு அடுத்தவை. விளைவிப்போரில் மிகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடைய சிறு விவசாயிகள். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே ஒரு கோப்பைக்குள் இருப்பது சுமார் 70 கிராம் பழம். நம் நாட்டு மலைச்சரிவுகளில் நிழல் மரங்களின் அடியில் வளரும் அப்பழங்கள், பழுக்கப் பழுக்கக் கையால் பறிக்கப்படுகின்றன. அவ்வளவு கைகளின் உழைப்புக்கும் சேர்த்து நாம் கோப்பையில் கொடுப்பது ஒரு சில ரூபாய்களே. விலை அதிகம் என்று வருந்துவோர், இந்தச் சில ரூபாய்கள் குறைவென்றும் வருந்துவது நியாயமாகும்.

இனி, எஞ்சிய 184 ரூபாயைத் தேடுவோம். நகரின் நடுவே 20 நாற்காலிகள் உள்ள ஒரு கடையை எண்ணிக்கொள்ளுங்கள். மாத வாடகை 3 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 ரூபாய். காப்பியைக் குடித்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அமர்ந்தவர் உடனே எழுவதில்லை. நண்பருக்காகக் காத்திருப்பார், படிப்பார், வேலை பேசுவார். ஆகவே ஒரு நாற்காலி நாளொன்றுக்கு ஆறு முறைதான் கைமாறும். மொத்தம் 120 கோப்பை. வாடகையை இவற்றின்மேல் பகிர்ந்தால் ஒவ்வொரு கோப்பையின் தலையிலும் 83 ரூபாய் ஏறுகிறது. எட்டுச் சிப்பந்திகளுக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் சம்பளம் என்றால் மேலும் 44 ரூபாய். இதுவரை 143 ரூபாய் ஆயிற்று. குளிர்சாதனத்துக்கு மின்சாரம், இயந்திரத்தின் தவணை, உடையும் கோப்பைகள், பெயர்ப்பலகைக்குரிய நிறுவனத்துக்குச் செலுத்தும் பங்கு ஆகியவை இனிமேல்தான் வருகின்றன.

வரியும் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் சாதாரண உணவு விடுதிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அத்துடன், கடைக்காரர் தாம் வாடகைக்கும் பொருள்களுக்கும் ஏற்கெனவே செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் எடுக்கப்பட்டது. பில்லில் தெரியும் வரி சிறியது. கழிக்க முடியாத வரியோ விலைக்குள்ளேயே மறைந்து உறைகிறது.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்குக் கோப்புகளில் ‘மேற்செலவு’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். முதன்மையான செலவுக்கு மேலே, ஓரமாய் வந்து சேர்வது என்பதே அதன் தொனி. காப்பிக் கடையிலோ மேற்செலவே முதற்செலவு; காப்பிதான் ஓரமாய் வந்து சேர்வது.

நின்றுகொண்டே குடித்தால் என்ன ஆகும்? இதற்கு இத்தாலி நாடு நல்ல சான்று. அங்கே நகராட்சிகள் அத்தியாவசியப் பொருள்களுக்கு உச்ச விலை விதிக்கலாம் என 1911-ஆம் ஆண்டில் சட்டம் இடம் கொடுத்தது. மேசைச் சேவையின்றி அருந்தும் காப்பியும் அவற்றுள் சேர்ந்தது. ஆகவே அந்நாட்டில் நின்று குடிக்க ஒரு விலை, அமர்ந்து குடிக்க ஒரு விலை என்னும் வழக்கம் வேரூன்றிற்று. நம் நாட்டிலும் 1980-களில் பெங்களூரில் தோன்றிய ‘தர்ஷினி’ என்னும் சிற்றுண்டிக் கடைகள் இதே உண்மையைக் கண்டுகொண்டன. அங்கே நாற்காலி இல்லை. இடுப்பளவு உயர்ந்த மேசைகளே உண்டு. வந்தவர் நின்றபடியே காப்பியை அருந்திவிட்டுப் போய்விடுவார். அவர் நின்ற இடம் அடுத்தவருக்கு உடனே காலியாகிவிடும். தூளும் பாலும் தரத்தில் குறைந்தவை அல்ல; நாற்காலி மட்டுமே கழிக்கப்பட்டது. விலை தானாகவே இறங்கிற்று.

நாற்காலிக்கு விலை உண்டு என்பது புதிய செய்தியுமன்று. 1652-ஆம் ஆண்டில் பாஸ்குவா ரோசே என்பவர் லண்டன் மாநகரில் முதல் காப்பிக் கடையைத் திறந்தார். விரைவில் அந்நகரெங்கும் அத்தகைய கடைகள் பல்கின. ஒரு பென்னி கொடுத்து உள்ளே நுழைந்தவர் நேரம் போவதறியாது அமர்ந்து, செய்தித்தாள் படித்து, வணிகமும் அரசியலும் பேசலாம். அதனால் அக்கடைகளைப் ‘பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என்றே மக்கள் அழைத்தனர். எட்வர்டு லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்களின் பேச்சிலிருந்தே, லாயிட்ஸ் என்னும் பெரும் காப்புறுதிச் சந்தை பிறந்தது. அமர்ந்து பேசும் மக்களைக் கண்டு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர், 1675 டிசம்பரில் காப்பிக் கடைகளை ஒழிக்க ஆணை பிறப்பித்தார். எதிர்ப்பு வலுக்கவே, ஆணை நடைமுறைக்கு வருமுன் அதைத் தாமே தளர்த்திக்கொண்டார். மன்னர் அஞ்சியது பானத்தைக் கண்டு அல்ல, நாற்காலியைக் கண்டு என்பது வெளிப்படை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. காப்பியின் விலை வீழ்ந்தது. தென்னாட்டுத் தோட்டக்காரர்கள் விளைந்ததை விற்க வழியறியாது திகைத்தனர். இந்நிலையில் 1935-ஆம் ஆண்டில் காப்பித் தீர்வைச் சட்டம் நிறைவேறியது. ஏற்றுமதியாகும் காப்பியின்மீது ஒரு சிறு தீர்வை விதித்து, அத்தொகையைக் கொண்டு காப்பியின் விற்பனையைப் பெருக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. வட இந்தியா தேநீரின் ஆட்சிக்குட்பட்டது. அங்குள்ளோரைக் காப்பி குடிக்கப் பழக்குவது எவ்வாறு? விளம்பரப் பலகைகளைவிட ஒரு நாற்காலி அதிகம் சாதிக்கும் என்று குழுவினர் கண்டனர். 1936-ஆம் ஆண்டில் பம்பாயின் சர்ச்கேட் பகுதியில் முதலாவது இந்தியா காப்பி இல்லம் திறக்கப்பட்டது.

பின்னர் உலக யுத்தம் மூண்டு ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பி வாரியம் அமைந்தது. தோட்டக்காரர் தம் விளைச்சலை வாரியத்திடம் ஒப்படைக்க, வாரியம் அதைப் பொதுத் தொகுப்பாகத் திரட்டி விற்றது. கப்பலேற முடியாத காப்பியை உள்நாட்டிலேயே செலவழிக்க வேண்டியதாயிற்று. காப்பி இல்லங்கள் பெருகின. அந்தப் பத்தாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ ஐம்பது இல்லங்கள் இருந்தன. கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் திறக்கப்பட்ட இல்லம் அவற்றுள் புகழ்பெற்றது. வெள்ளுடையும், விசிறிபோல் விரிந்த தலைப்பாகையும், இடைக்கச்சையும் அணிந்த சிப்பந்திகள், மகாராஜாவுக்குப் பரிமாறுவதைப் போலவே மாணவனுக்கும் பரிமாறினர். பால் கலவாத காப்பிக்கு அங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். அது ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தோரில், பிற்காலத்தில் எழுத்தாளரும் திரைப்பட இயக்குநரும் பேராசிரியரும் ஆனோர் பலர்.

அந்தப் பிற்பகலுக்கு யார் பணம் கொடுத்தது? குடித்தவர் கொடுத்தது கோப்பைக்கு. நாற்காலிக்குக் கொடுத்தது தோட்டக்காரரின் தீர்வை. காப்பி இல்லம் முதலில் ஒரு விளம்பரம். பிறகே ஒரு கடை. இதுவே நம் வரலாற்றின் முதற் கட்டம்.

நாற்காலிக்குப் பணத்தால் அளக்க முடியாத வேறொரு விலையும் அக்காலத்தில் இருந்ததைச் சொல்லாமல் விடலாகாது. சென்னை மாகாணத்தின் காப்பி கிளப்புகள் பலவற்றில் பிராமணருக்கென்று தனி இடம் இருந்தது; தாழ்த்தப்பட்டோர் பலருக்கு உள்ளே இடமே இல்லை. காசு கையிலிருந்தும் நாற்காலி கிடையாது. விடுதலைக்குப் பின்னரும் இதன் சுவடு மறையவில்லை. 1957-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் ஈ. வெ. ரா. மறியல் நடத்தினார். யார் வந்தாலும் ஒரே விலை, ஒரே நாற்காலி என்ற காப்பி இல்லத்தின் முறை, இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அந்நாளில் அது சாதாரணமன்று.

அதே 1957-ஆம் ஆண்டு காப்பி இல்லங்களின் வரலாற்றிலும் திருப்புமுனை ஆயிற்று. கொள்கை மாற்றத்தின் விளைவாக வாரியம் தன் இல்லங்களை மூடத் தொடங்கியது. சிப்பந்திகள் பலர் வேலையிழந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கேரளத்துப் பொதுவுடைமைத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஏ. கே. கோபாலன். மூடும் இல்லங்களைத் தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும், அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துவர் என்பது அவர் முன்வைத்த யோசனை. 1957 ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. அவ்வாண்டிலேயே டில்லியில் தொழிலாளர் நடத்தும் காப்பி இல்லம் திறக்கப்பட்டது. 1958-இல் திரிச்சூரும் அவ்வழியே வந்தது. அதே ஆண்டில் மூடப்பட்ட கல்கத்தாக் கல்லூரித் தெரு இல்லத்துக்காகப் பேராசிரியர்களே அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினர். அவ்வாண்டுக்குள்ளேயே அது மறுபடி திறக்கப்பட்டது. பரிமாறியவர் உரிமையாளரானார். தலைப்பாகை மாறவில்லை, கல்லாப்பெட்டி கைமாறியது.

நாற்காலியின் விலையை இப்போது யார் கொடுத்தனர்? தீர்வைப் பணம் இல்லை. ஆயினும் கோப்பையின் விலை ஏழைக் குமாஸ்தாவுக்கும் எட்டும் அளவிலேயே நின்றது. இதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, முதலாளியின் இலாபம் என்ற பகுதி கணக்கிலிருந்து நீங்கியது. சங்கத்தின் உறுப்பினர்கள் மிதமான ஊதியத்தோடு அமைந்தனர். மற்றொன்று, பல இல்லங்கள் பழைய குத்தகையிலும் பொதுக் கட்டடங்களிலும் இருந்தமையால், வாடகை நகரத்தின் நில மதிப்போடு சேர்ந்து ஏறவில்லை. அதாவது நாற்காலியின் விலையில் ஒரு பகுதியைத் தொழிலாளரும், மற்றொரு பகுதியை நில உரிமையாளரும் தாங்கினர். இது இரண்டாம் கட்டம். திருவனந்தபுரம் தம்பானூரில், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் அமைத்த செங்கல் காப்பி இல்லத்தைப் பார்த்தோர் இதன் நுட்பத்தை உணர்வர். சுருள்போல் மேலேறும் சரிவுப் பாதை, சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கைகள். சிறு நிலத்தில் பல பேரை அமர வைக்கும் சிக்கனம் அங்கே அழகாகவே உருவெடுத்திருக்கிறது.

இவ்வேற்பாட்டின் பலவீனமும் இதுவே. நிலம் போனால் நாற்காலியும் போகும். டில்லியில் கன்னாட் பிளேஸின் நடுவே இருந்த காப்பி இல்லம், 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் இன்று பாலிகா பஜார் என்னும் நிலத்தடிக் கடைவீதி இருக்கிறது. பெங்களூரின் மகாத்மா காந்தி சாலையில் பல்லாண்டு நடைபெற்ற காப்பி இல்லம், நெடிய வழக்குக்குப் பின் 2009-இல் அக்கட்டடத்தை விட்டு வெளியேறி, அருகிலுள்ள சர்ச் தெருவுக்குச் சென்றது. அதன் காப்பியில் குறையொன்றும் இல்லை. அது நின்ற மண்ணின் விலைதான் காப்பியால் ஈடுசெய்ய முடியாத உயரத்துக்குப் போயிற்று.

மூன்றாம் கட்டம் 1990-களில் தொடங்கியது. 1992 முதல் படிப்படியாகத் தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைத் தாமே விற்க உரிமை பெற்றனர். 1996-இல் வாரியத்தின் பொதுத் தொகுப்பு முறை முழுவதும் நீங்கியது. அதே 1996-ஆம் ஆண்டில் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காப்பி டே நிறுவனத்தின் முதல் கடை திறக்கப்பட்டது. அப்போது புதுமையாயிருந்த இணையத்தைப் பயன்படுத்தும் வசதியும் அங்கே காப்பியோடு சேர்ந்து கிடைத்தது. காப்பியோடு நேரத்தையும் விற்கலாம் என்பதை மறைக்காமல் கூறிய கடை அது. 2000-ஆம் ஆண்டில் பரிஸ்டா வந்தது. 2012 அக்டோபரில் டாட்டா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் மும்பையில் தன் முதற் கடையைத் திறந்தது. தோட்டக்காரரும் தொழிலாளரும் நில உரிமையாளரும் ஒருவர்பின் ஒருவராக விலகிக்கொள்ள, நாற்காலியின் முழு விலையும் இப்போது அமர்ந்தவர் தலையிலேயே வந்து நின்றது. அதுவே நாம் பில்லில் காணும் தொகை.

இது பகற்கொள்ளையாயின், கொள்ளையடித்தோர் செழித்திருக்க வேண்டும். மேற்கூறிய கஃபே காப்பி டே நிறுவனமே, 2019-க்குப் பின்னர் கடன் சுமையால் தன் கடைகளில் பல நூறை மூட நேர்ந்தது. நூறும் இருநூறும் வாங்கியும் நாற்காலிக்குக் கட்டுப்படியாகாத இடங்கள் நம் நகரங்களில் உண்டு. கடைக்காரர் நம்மிடம் வாங்குவதில் பெரும்பகுதியைக் கட்டடக்காரருக்கு எண்ணிக் கொடுக்கிறார். அவர்மீது கோபம் கொள்வது, வரி தண்டுவோனைக் கண்டு சினந்து வரி விதித்தவரை மறப்பதைப் போன்றது.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறோம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், கலைப்பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் பணியேற்கத் தலைநகருக்கு வந்தோம். ஓர் அறையில் நால்வர் தங்கினோம். படுக்கையை விரித்தால் நிற்க இடமில்லை; இருவர் பேசினால் மற்ற இருவர் உறங்க முடியாது. இந்தி இலக்கணத்தையும் அலுவலக விதிகளையும் துறைத் தேர்வுக்காகப் படிக்க வேண்டியிருந்தது. அந்நாளில் மொட்டைமாடிக் காப்பி இல்லத்தின் ஓரத்து நாற்காலி ஒன்றே நமக்குப் படிப்பறை. மாலை ஆறு மணிக்கு ஒரு காப்பி. எட்டு மணிக்கு, கூச்சத்தால், மற்றொன்று. முதிய சிப்பந்தி ஒருவர், நாம் தென்னாட்டார் என்றறிந்தபின், ‘மதராசி பாபு’ என்று அழைத்து, கூட்டம் மிகுந்த நாளிலும் நம்மை எழச் சொல்லாமல் மேசையை மட்டும் துடைத்துவிட்டுப் போவார். ஊருக்கு எழுதிய கடிதங்களும் அங்கேதான் எழுதப்பட்டன. தேர்வில் தேறினோம். அந்தத் தேர்ச்சியில் ஒரு பங்கு அந்த நாற்காலிக்குரியது; அதற்கு நாம் கொடுத்தது அதன் விலையில் ஒரு சிறு பகுதியே. மீதியைக் கொடுத்தவர்களுள் அந்த முதியவரும் ஒருவர் என்பது, இவ்வரலாற்றைப் படித்த பின்னரே நமக்கு விளங்கியது. அவருடைய சம்பளம் உயராமல் நின்றதாலும் நம் காப்பி மலிவாக இருந்தது.

ஆகவே மலிவான காப்பி எல்லாம் நியாயமானது என்றோ, விலையுயர்ந்த காப்பி எல்லாம் அநியாயமானது என்றோ நாம் தீர்ப்பளிக்கத் துணியவில்லை. விலை எதுவும் காற்றில் கரைவதில்லை. ஒருவர் கொடுக்காவிட்டால் மற்றொருவர் கொடுக்கிறார். தோட்டக்காரர் கொடுத்த காலம் உண்டு. தொழிலாளர் கொடுத்த காலம் உண்டு. இன்று குடிப்பவர் கொடுக்கிறார். குடிப்பவரே முழுவதும் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் வணிக நேர்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அவ்வேற்பாட்டில், கொடுக்க இயலாதவருக்கு அமர இடமில்லை. இன்று நகரத்துக்குப் புதிதாக வரும் இளைஞன், நால்வர் அறையிலிருந்து தப்பி, புத்தகத்தோடு எங்கே போய் அமர்வான்? பூங்காவின் பெஞ்சு வெயிலிலும் மழையிலும் உதவாது. நூலகம் மாலையில் கதவை அடைத்துவிடுகிறது. கண்ணாடிக் கடையில் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு போய்விடும்.

காப்பிக் கடைக்காரரே இதைத் தீர்க்க வேண்டும் என்று கேட்பது பொருந்தாது. இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் பொது நூலகமும், நகராட்சிக் கட்டடங்களில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஓரிடமும், அங்கே உழைப்போருக்கு வயிறு வாடாத சம்பளமும் கேட்பது பொருந்தும். 1936-ஆம் ஆண்டில் காப்பியை விற்பதற்காக நாற்காலியைப் போட்டனர். நாற்காலிக்காகவே நாற்காலியைப் போடுவது ஒரு நகரத்தின் கடமையாகக் கருதப்படும் நாளில், காப்பியின் விலை பற்றிய வழக்கில் பாதி தானே தீர்ந்துவிடும்.

அடுத்த முறை காப்பிக் கடையில் பில் வரும்போது, அதை மனத்தில் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: மலையில் பழம் பறித்த கைக்கு எவ்வளவு, கோப்பையைக் கொணர்ந்த கைக்கு எவ்வளவு, அமர்ந்த இடத்துக்கு எவ்வளவு என்று. முதலிரண்டும் சிறியனவாகவும் மூன்றாவது பெரியதாகவும் இருக்கக் காண்பீர்கள். மோகன்சிங் பிளேஸ் மொட்டைமாடியில் இன்று மாலையும் யாரோ ஓர் இளைஞன், ஓரத்து நாற்காலியில், ஆறிப்போன கோப்பையை முன்வைத்துப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அவனை எழச் சொல்லாத வரையில் அங்கே விற்கும் காப்பி, எவ்விலைக்கு விற்றாலும், மலிவானதே.